மலைநாட்டு மாதர் காத்த பாட்டு

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள அப்பலாச்சிய மலைத்தொடரிலே, பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளினின்றும் வந்து குடியேறியோர் தம்முடன் கொணர்ந்த பெருஞ்செல்வம் பாட்டேயாகும். அவை ஏட்டிலே தங்கியவை அல்ல. பால் கறக்கும்போதும், பயற்றங்காய் ஒடிக்கும்போதும், பிள்ளையை உறங்க வைக்கும்போதும் பெண்கள் பாடிப் பாடியே அவை பிழைத்தன.

இப்பாடல்களைத் தொகுத்தவர் யாரென வினவின், ஆங்கிலேயரான செசில் ஷார்ப் என்றே பலரும் விடை பகர்வர். 1916ஆம் ஆண்டு அவர் அம்மலைகளுக்குச் சென்றது உண்மையே. ஆயின், அவருக்கு முன்னரே அப்பணியைத் தொடங்கி, தாம் திரட்டியவற்றைக் காட்டி அவரை அங்கு வரச்செய்தவர் ஒலிவ் டேம் கம்பெல் என்னும் பெண்மணி. ஷார்ப் மெட்டுக்களைக் குறித்துக்கொள்ள, சொற்களைச் சுருக்கெழுத்தில் எழுதியவர் மோட் கார்ப்பிலிஸ் அம்மையார். வட கரோலினாவின் ஹொட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களை நினைவிலிருந்தே பாடிக்கொடுத்தவர் ஒன்பது பிள்ளைகளின் தாயான ஜேன் ஜென்ரி. இவர்களை உலகம் எளிதில் மறந்துவிட்டது!

கென்ரக்கி மாநிலத்தின் வைப்பர் என்னும் சிற்றூரில் 1922இல், பதினான்கு பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர் ஜீன் ரிச்சி. அவர் தந்தையாரிடம் டல்சிமர் என்னும் வாத்தியம் ஒன்று இருந்தது. மடியிற் கிடத்தி, வாத்தின் இறகினால் மீட்டப்படும் மெல்லோசைத் தந்தி வாத்தியம் அது. பிள்ளைகள் எவரும் அதனைத் தொடலாகாதென்பது தந்தையின் கட்டளை. சிறுமி ஜீன் ஒளித்துத் தொட்டாள். தானாகவே ஒரு பாட்டையும் வாசித்துவிட்டாள். பிற்காலத்தில் நியூயோர்க் சென்ற அவர், அவ்வாத்தியத்தை நாடறியச் செய்தார். 1952இல் புல்பிரைட் புலமைப்பரிசில் பெற்று, தம் வீட்டுப் பாடல்களின் வேர்களைத் தேடிப் பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் சென்றார்.

இத்தகையவருங்கூடத் தம் பெயரை மறைக்க நேர்ந்ததை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலக்கரிக்காக மலைகளை வெட்டியெறிந்தமையால் ஓடைகள் கறுத்தன. சுரங்கங்கள் மூடப்பட, ஊர்கள் வெறிச்சோடின. அத்துயரைப் பாட்டாக்கிய ஜீன், பாட்டனாரின் பெயரைத் தழுவிய 'தான் ஹால்' என்ற புனைபெயரில் சில பாடல்களை வெளியிட்டார். அரசியல் கலந்த பாட்டினால் தாயார் மனம் நோகலாகாதென்பது ஒரு காரணம். ஆணொருவர் இயற்றியதென்றால் கேட்போர் கூடுதலாக மதிப்பர் என்பது மற்றொன்று.

மேற்கு வேர்ஜீனியாவின் சுரங்கநாட்டில் பிறந்த ஹேசல் டிக்கன்ஸ் அவ்வாறு மறையவில்லை. அலிஸ் ஜெராட் என்பவருடன் இணைந்து 1965இல் இசைத்தட்டு வெளியிட்ட அவர், சுரங்கத் தொழிலாளர் படும் பாட்டைத் தம் பெயரிலேயே பாடினார். கென்ரக்கியின் ஹார்லன் மாவட்ட வேலைநிறுத்தத்தைப் பற்றி 1976இல் வெளிவந்த திரைப்படத்தில் அவரது உரத்த, கூரிய குரலை நாம் கேட்கலாம்.

ஜேன் ஜென்ரி வாழ்ந்த அதே மடிசன் மாவட்டத்தைச் சேர்ந்தவர் ஷீலா கே அடம்ஸ். ஏழு தலைமுறையாக வந்த பாடல்களை, பாட்டி முறையான டெலி நோர்ட்டனின் எதிரே முழங்காலோடு முழங்கால் படும்படி அமர்ந்து, கேட்டுக் கேட்டே பயின்றவர். 2013இல் அமெரிக்காவின் தேசிய மரபுரிமை விருதைப் பெற்ற அவர், தம்மிடம் வந்த இளையோருக்கும் வாய்மொழியாகவே அவற்றைக் கற்பித்துள்ளார்.