ஒவ்வாமையும் வெள்ளணுக்களும்

பஞ்சுத் தூசு பட்டதும் சிலருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் எழுகிறது. நெல் தூற்றும் களத்தில் நின்றால் சிலருக்கு மூச்சு இரைக்கிறது. அருகில் நிற்பவருக்கோ ஒன்றும் நேர்வதில்லை. தீங்கற்ற பொருளைப் பகையென எண்ணி உடல் போர் தொடுப்பதையே ஒவ்வாமை என்கிறோம். அப்போரை நடத்துபவை வெள்ளணுக்கள். பாவு ஓடுபவர், தார் சுற்றுபவர், தறியில் அமர்பவர் என நெசவில் வேலை பிரிந்திருப்பது போல, அவற்றுள்ளும் பிரிவு உண்டு. இதனை அறிந்துகொண்டால் வேண்டாத மருந்துக்குப் பணம் செலவிடுவதைத் தவிர்க்கலாம்.

முதலாவது லிம்போசைட்டுகள். இன்னது பகை என்று முடிவு செய்பவை இவையே. இவற்றுள் ஒரு வகை ‘ஐ.ஜி.இ.’ என்னும் எதிர்ப்புப் புரதம் உண்டாக வழி செய்கிறது. அப்புரதம் மாஸ்ட் அணுக்களின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும்.

மாஸ்ட் அணுக்கள் இரத்தத்தில் ஓடுவன அல்ல. தோல், மூக்கு, மூச்சுக்குழல், குடல் ஆகிய இடங்களில் காவலிருப்பவை. அதே தூசு மீண்டும் நுழைந்ததும், சில நிமிடங்களிலேயே ஹிஸ்டமின் முதலிய பொருள்களை இவை வெளியிடுகின்றன. தும்மல், அரிப்பு, தடிப்பு யாவும் அதன் விளைவே. இரத்தத்தில் ஓடும் பேசோபில்களும் ஏறத்தாழ இவ்வேலையையே செய்கின்றன. ஆயின் அவை வெள்ளணுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இரா.

அடுத்தவை ஈசினோபில்கள். 1879இல் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், ஈசின் என்ற சிவப்புச் சாயத்தை ஏற்பதைக் கொண்டு இவற்றை இனங்கண்டார். புழுக்களை எதிர்ப்பது இவற்றின் பணி. ஒவ்வாமையிலோ இவை சில மணி நேரங் கழித்து வந்து சேர்ந்து, மூச்சுக்குழலின் உட்பரப்பையே புண்படுத்துகின்றன. காலையில் தும்மியவருக்கு மாலையில் இரைப்பு வருவது இதனாலாம். ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை தும்மலை அடக்கும். ஈசினோபில்களால் வந்த வீக்கத்தை அடக்காது. அதற்கு மருத்துவர் தரும் உறிஞ்சு மருந்தே வேண்டும்.

நியூட்ரோபில்களே எண்ணிக்கையில் மிகுந்தவை. நூற்றுக்கு 50 முதல் 70 வரை உள்ளன. பாக்டீரியாக் கிருமிகளை விழுங்குவது இவற்றின் தொழில். நூற்பாலைகளில் விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளன்று நெஞ்சு இறுகுவதுண்டு. அது பிசினோசிஸ் எனப்படும். பஞ்சோடு வரும் பாக்டீரியாக்களின் நச்சு அதற்கு முக்கிய காரணம். அங்கே திரள்பவை பெரும்பாலும் நியூட்ரோபில்களே. ஆகவே தூசினால் வரும் தொல்லை யாவும் ஒவ்வாமையன்று. தூசைக் குறைப்பதே அதற்குத் தலையாய பரிகாரம்.

இரத்தப் பரிசோதனையில் ‘ஈசினோபிலியா’ என்று எழுதியிருந்தால், அதனையே ஒரு நோயாகக் கொள்ளலாகாது. ஒரு கன மில்லிமீட்டரில் ஈசினோபில்கள் 500க்கு மேற்பட்டால் மிகுதி எனப்படும். ஒவ்வாமையன்றி, கொக்கிப்புழுவும் அதற்குக் காரணமாகலாம். வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர் இதனைக் கருத வேண்டும். யானைக்கால் நோய்ப் புழுவினால், இரவில் இருமலோடு வரும் ஈசினோபிலியாவும் உண்டு. அதற்கு மருந்து வேறு. புழு இருப்பதறியாமல் ஸ்டிராய்டு மாத்திரை உட்கொள்வது சில வேளைகளில் உயிருக்கே கேடாக முடியும்.

ஆகவே அன்பர்கள் கடையில் தாமே மாத்திரை கேட்டு வாங்காது, பரிசோதனைத் தாளுடன் மருத்துவரிடம் செல்க. செய்யும் தொழிலையும், தொல்லை எந்த நாளில் எந்த நேரத்தில் மிகுகிறது என்பதையும் அவரிடம் தவறாது கூறுக.