எலித் தெள்ளுப்பூச்சியும் டைஃபஸ் காய்ச்சலும்

எலியின் ரோமத்துக்குள் ஓடித் திரியும் தெள்ளுப்பூச்சி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். இறக்கை கிடையாது, பக்கவாட்டில் தட்டையான உடல் என்பதால் முடிகளுக்கிடையே சுலபமாக நுழைந்துவிடும். இவற்றில் சீனோப்சில்லா கியோபிஸ் என்ற இனம்தான் எலிவழி டைஃபஸ் காய்ச்சலை மனிதருக்குக் கொண்டுவருவதில் முக்கியமானது. நோய்க்குக் காரணம் ரிக்கெட்சியா டைஃபி என்னும் பாக்டீரியா. வேறோர் உயிரின் செல்லுக்குள் புகுந்தால்தான் இதனால் பெருக முடியும்.

கிருமியுள்ள எலியின் ரத்தத்தைப் பூச்சி உறிஞ்சியதும், அதன் குடல் சுவரில் பாக்டீரியா பெருகி எச்சத்தோடு வெளியேறுகிறது. ரத்தம் குடிக்கும்போதே பூச்சி எச்சமிடும். அரிக்கிறதே என்று சொறிந்தால் அந்த எச்சம் கடிவாய்க்குள் இறங்கிவிடும். கடியைவிட எச்சத்துக்கே அஞ்ச வேண்டும். காய்ந்த பின்னும் அதில் கிருமி நெடுநாள் உயிரோடிருக்கும்; தூசியாகப் பறந்து மூச்சில் கலந்தாலும் காய்ச்சல் வரலாம்.

இதே தெள்ளுப்பூச்சி பரப்பும் பிளேக் நோயின் கிருமி, பூச்சியின் குடலை அடைத்துப் பட்டினி போட்டே கொன்றுவிடுவதுண்டு. எலிகளையும் கொத்துக் கொத்தாகச் சாகடிக்கும். டைஃபஸ் கிருமியால் எலிக்கும் பூச்சிக்கும் பெரிய பாதிப்பில்லை. அதனால் எலி செத்து விழும் முன்னெச்சரிக்கையும் இங்கே கிடைக்காது.

கிருமி உடலில் புகுந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கடும் தலைவலியும் தொடங்கும். ஏறக்குறைய பாதிப்பேருக்கு மேலுடம்பில் செந்தடிப்பு தெரியும். தமிழ்நாட்டில் அடிக்கடி பேசப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் வேறு நோய். அதைப் பரப்புபவை புதர்களில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணிகளின் இளம் பருவங்கள். கடித்த இடத்தில் கருகிய புண் தோன்றுவதுண்டு. இரண்டும் டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படும்.

எலிக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை ஊகித்தவர் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர் கென்னத் மாக்சி. அலபாமாவின் மாண்ட்காமரி நகரில் நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. வேலை பார்த்த இடங்களைக் குறித்ததும் புள்ளிகள் கடைத்தெருவில் குவிந்தன. மளிகைக் கடை, உணவகம், தீவனக் கடை என எலிகளுக்குத் தீனி கிடைக்கும் இடங்கள் அவை. பேன் பரப்பும் டைஃபஸாக இருந்தால் ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பலர் படுத்திருக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை. 1926-இல் அவர் வெளியிட்ட அந்த ஊகம், 1931-இல் பால்டிமோரில் எலிகளிடமிருந்து எடுத்த தெள்ளுப்பூச்சிகளிலேயே கிருமி கிடைத்தபோது உறுதியானது. ஒரு வரைபடத்தை மாற்றிப் போட்டதில் கிடைத்த பலன் என்ற வகையில், இது எந்தக் கிருமி ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்புக்கும் சளைத்ததல்ல.

1944-இல் அமெரிக்காவில் 5,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் கண்டது. எலி ஓடும் தடங்களில் டி.டி.டி. பூச்சிக்கொல்லியைத் தூவத் தொடங்கிய பிறகு, பத்தாண்டுக்குள் அது சில நூறாகச் சுருங்கியது. எலியை மட்டும் கொன்றால் பசித்த பூச்சிகள் மனிதர்மீது தாவும். அதனால் முதலில் பூச்சி, பிறகு எலி என்பதே முறை. இப்போது டெக்சாஸிலும் தெற்குக் கலிபோர்னியாவிலும் ஒப்போசம் என்ற பைம்மா விலங்கும் பூனைத் தெள்ளுப்பூச்சியும் இதே கிருமியைச் சுமக்கின்றன. அங்கே எலி நடமாட்டமே இல்லாத வீட்டிலும், கொல்லைக்கு வந்துபோகும் ஒப்போசத்தின் பூச்சி பூனையின் மேலேறி உள்ளே வந்துவிடுகிறது.