டெக்ஸ்ட்ரான்: பாக்டீரியா தரும் மருந்துச் சர்க்கரை

டெக்ஸ்ட்ரான் என்பது குளுக்கோஸ் அலகுகள் நீளமாகக் கோத்துக்கொண்ட சங்கிலி. அதை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் முதன்மையானது லுக்கோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ். இட்லி மாவு புளித்துப் பொங்குவதிலும் இதற்குப் பெரும்பங்கு உண்டு. சர்க்கரை ஆலைகளுக்கோ இது தொல்லை. சாற்றில் பெருகினால் சாறு கொழகொழத்து, வடிகட்டவே முடியாமல் போகும். அந்தக் கொழகொழப்புதான் டெக்ஸ்ட்ரான். 1940களில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் குரோன்வால், பியோர்ன் இங்கெல்மன் ஆகியோர் அதை இரத்த பிளாஸ்மாவுக்கு மாற்றாகப் பயன்படுத்தலாம் எனக் காட்டினர். 1947இல் பார்மேசியா நிறுவனம் ‘மேக்ரோடெக்ஸ்’ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தொழிற்சாலைகளில் பெரிதும் பயன்படுவது இந்தப் பாக்டீரியாவின் பி-512 என்னும் வகை. அது கட்டும் சங்கிலியில் ஏறக்குறைய 95 விழுக்காடு இணைப்புகள் நேரானவை, கிளைகள் குறைவு. சுக்ரோஸ் கரைசலில் ஈஸ்ட் சாறும் பாஸ்பேட் உப்பும் சேர்த்து, சுமார் 25 டிகிரி செல்சியஸில் பாக்டீரியாவை வளர்க்கிறார்கள். அது டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ் என்னும் நொதியைச் செல்லுக்கு வெளியே சுரக்கிறது. நொதி சுக்ரோஸை உடைத்து, குளுக்கோஸைச் சங்கிலியில் சேர்த்து, ஃபிரக்டோஸை விட்டுவிடுகிறது. சங்கிலியை இணைக்க வேண்டிய ஆற்றலும் உடையும் சுக்ரோஸிலிருந்தே கிடைப்பதால், செல்களை நீக்கிய பின்னும் நொதி தன் வேலையைத் தொடரும். ஓரிரு நாளில் தொட்டி கெட்டியானதும் ஆல்கஹால் ஊற்றினால் டெக்ஸ்ட்ரான் படிந்துவிடும்.

இதுவரை உள்ளது எளிய பாதி. படிந்த டெக்ஸ்ட்ரானின் மூலக்கூறு எடை பல லட்சங்களைத் தாண்டிக் கோடிகளுக்கும் போகும். அதை அப்படியே உடலில் ஏற்றினால் சிவப்பணுக்கள் ஒட்டித் திரளும். மிகச் சிறிதாக வெட்டினாலோ சிறுநீரகம் உடனே வெளியேற்றிவிடும். ஆகவே நீர்த்த அமிலத்தில் சூடாக்கிச் சங்கிலிகளைத் துண்டாக்கி, ஆல்கஹாலைப் படிப்படியாகச் சேர்க்கிறார்கள். பெரிய துண்டுகள் முதலில் படியும், சிறியவை கரைசலிலேயே தங்கும். இடைப்பட்ட பகுதியைப் பிரித்து, சராசரி எடை 70,000 அல்லது 40,000 உள்ள மருந்துத் தரங்களைப் பெறுகிறார்கள். தொழிலின் நுட்பம் முழுவதும் இந்த அளவுபிரிப்பில்தான் இருக்கிறது.

பாக்டீரியாவின் எச்சங்களையும் காய்ச்சல் உண்டாக்கும் நச்சுகளையும் அறவே நீக்கியாக வேண்டும். தூய டெக்ஸ்ட்ரானும் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். இதைத் தடுக்க, மூலக்கூறு எடை சுமார் 1,000 மட்டுமே உள்ள டெக்ஸ்ட்ரானை முன்னதாக ஊசியில் ஏற்றும் வழக்கம் வந்தது. அந்தக் குட்டித் துண்டுகள் எதிர்ப்பான்களை முன்கூட்டியே பிணைத்துவிடும்.

பிளாஸ்மா மாற்றாக இதன் பயன்பாடு பின்னாளில் குறைந்தது. ஆனால் இரும்புச்சத்தை சிரை வழியே செலுத்த இரும்பு-டெக்ஸ்ட்ரான் உதவுகிறது. சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துச் செய்யும் ‘செபாடெக்ஸ்’ மணிகள், 1959 முதல் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஆய்வகப் பொருளாக விளங்குகின்றன.