அரியலூரில் நிற்கும் கூட்ஸ் வண்டி

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி செல்லும் கார்டு லைனில்தான் வைகை, பல்லவன், மலைக்கோட்டை போன்ற விரைவு வண்டிகள் ஓடுகின்றன. தளவாய், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம் வட்டார ஆலைகளின் சிமென்ட்டுக்கும் ரயில் வழி அதுவே. சரக்கு தாமதமானால், பயணிகள் வண்டிக்கு வழிவிட்டு கூட்ஸ் லூப் லைனில் நின்றிருக்கும் என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். நாட்டில் கூட்ஸ் வண்டியின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 25 கி.மீ. என்னும்போது, வழியில் நின்ற நேரம் அந்தக் கணக்கில் வந்துவிடும். சரக்கை ஏற்றவும் இறக்கவும் நின்ற நேரம் வராது. நம் கண்ணில் படாத அந்த இரண்டாவது காத்திருப்பைக் குறைக்காமல் தாமதம் தீராது.

ஒரு சிமென்ட் ரேக், அதாவது ஒரு முழு கூட்ஸ் வண்டியின் பெட்டித் தொடர், சுமார் 2,500 டன் ஏற்றும். மூட்டைக் கணக்கில் 50,000. இருபத்தைந்து டன் லாரிகளில் கொண்டுவந்தால் நூறு நடை. கூட்ஸ் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பயணிகள் வண்டியைப் போலக் கால அட்டவணை கிடையாது. நாள் முழுக்க வராத ரேக், நள்ளிரவில் வந்து நிற்கும். சில சமயம் இரண்டு சேர்ந்தே வரும். அந்த நேரத்தில் சுமைதூக்கும் ஆட்களும் லாரிகளும் தயாராக இருக்க வேண்டும். கூரையில்லாத மேடையில் மழை பிடித்தால் சிமென்ட்டைத் தொடவே முடியாது. முதல் ரேக் நகராதவரை, ஏறக்குறைய 700 மீட்டர் நீளமுள்ள அடுத்த ரேக் முந்தைய நிலையத்தின் லூப்பை அடைத்துக்கொள்ளும். நெரிசல், சரக்கை ஏற்றி இறக்கும் கூட்ஸ் ஷெட்டில் தொடங்கித்தான் பாதைக்குப் பரவுகிறது. தாமதத்துக்கு டெமரேஜ் வசூலிக்கிறார்களே என்பார்கள். வசூலிக்கட்டும், அபராதம் மழைக்குக் கூரை போடாது, இரவில் விளக்கும் ஏற்றாது.

பாதைதான் இரட்டையாகிவிட்டதே என்று கேட்பது நியாயமான கேள்வி. எதிரெதிர் வண்டிகளுக்காகக் காத்திருப்பது அதனால் குறைந்தது. ஷெட்டின் கொள்ளளவு கூடவில்லை. பராமரிப்புக்காகப் பாதையை மூடும் நேரத்தைக் குறைக்கலாம் என்ற யோசனையை ஏற்கவே முடியாது. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளம் ரயில் பாதையை அரித்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது இந்த அரியலூரில்தான்; அதற்குப் பொறுப்பேற்று அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். லாரியில் அனுப்பினால் சீக்கிரம் போய்விடும் என்பது குறைந்த தொலைவுக்குப் பொருந்தும். ஆனால் ஒரு ரேக்கைக் கைவிட்டால் நூறு லாரிகள் சாலைக்கு வருகின்றன. சுண்ணாம்புக்கல் டிப்பர்களுக்கே வழிவிட்டு ஒதுங்கும் ஊர்களின் மேல் அந்தச் சுமையும் ஏறுகிறது.

பெரம்பலூரின் நிலை இன்னும் கடினமானது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் அந்த மாவட்டத் தலைநகருக்கு ரயிலே இல்லை. ரயிலில் வரும் யூரியா எந்த ஊரில் இறங்கினாலும், அங்கிருந்து லாரி ஏறித்தான் பெரம்பலூர் போக வேண்டும். ஷெட்டில் ஒரு நாள் தாமதமானால், விதைத்துவிட்டுக் காத்திருக்கும் விவசாயிக்கும் அந்த ஒரு நாள் போகிறது. அரியலூர்–பெரம்பலூர்–துறையூர்–நாமக்கல் பாதையைக் கேட்டு மனு எழுதுகிறவர்கள், பயணிகள் நிலையத்தோடு கூரையுள்ள ஒரு கூட்ஸ் ஷெட்டையும், ஒரு முழு ரேக் நிற்கும் இரண்டு லைன்களையும் சேர்த்தே கேளுங்கள்.