வா, ரா, பா... வீட்டுல மூணு மொழி பேசினா, நாய்க்குட்டி எதுக்குத் திரும்பும்?

ஓசூர்ல விடியற்காலை 5 மணிக்கு மேல மெயின் ரோட்டுல நின்னு பார்த்திருக்கீங்களா? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டு கம்பெனி பஸ்கள் ஒண்ணு பின்னால ஒண்ணா போயிட்டே இருக்கும். அப்படி ஒரு காலையில, என் கணவர் பஸ்ஸுக்குக் கிளம்ப கேட்டைத் திறந்தார். அவர் காலுக்கு இடையில புகுந்து எங்க லட்டு வெளியே ஓடிட்டா. ஆறு கிலோகூட இல்லாத வெள்ளை ஸ்பிட்ஸ். "லட்டு, வா!"ன்னு நான் கத்துறேன். "ரா ரா ரா!"ன்னு மாமியார் கத்துறாங்க. பக்கத்து வீட்டுப் பையன் "பா இல்லி!"ன்னு கன்னடத்துல கூப்பிடுறான். அவ எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, நேரா ரோட்டுக்கு ஓடினா. ஒரு பைக்காரர் பிரேக் அடிச்சதால பிழைச்சா.

அன்னைக்குச் சாயந்திரமே வீட்டு ஓனர் வந்து, "நாயை அடக்கி வைங்க, இல்லன்னா வேற வீடு பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். அவர் மேலயும் தப்பில்லை. போன மாசம்தான் அவர் பேத்தி மேல பாய்ஞ்சு அழ வச்சிருந்தா.

எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழி, பேப்பரைச் சுருட்டி ரெண்டு தட்டு தட்டுறது. அதைத்தான் செஞ்சோம். விளைவு என்னன்னா, பேப்பரைக் கையில எடுத்தாலே கட்டிலுக்கு அடியில போய் உறும ஆரம்பிச்சா. தடுப்பூசி போடப் போனப்போ டாக்டர்கிட்ட இதைச் சொன்னேன். "உறுமுறதுங்கிறது நாய் தர்ற எச்சரிக்கைம்மா. அதையும் அடிச்சு நிறுத்திட்டீங்கன்னா, அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும்"னார். விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சங்கமும் 2021-ல இதையேதான் வலியுறுத்தியிருக்கு. அடி, ஷாக் காலர் எதுவும் வேண்டாம், எல்லா நாய்க்கும் வெகுமதி முறையே போதும்ங்கிறது அவங்க நிலைப்பாடு.

முதல்ல ட்ரெய்னிங் எடுக்க வேண்டியது நாங்கதான்

எங்க வீட்டுல நான் தமிழ், மாமியார் தெலுங்கு. பக்கத்து வீட்டுல கன்னடம். பிள்ளைங்க ஸ்கூல் இங்கிலீஷ். இந்தப் பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான். 'உட்காரு', 'கூர்ச்சோ', 'கூத்கோ', 'சிட்'னு ஒரே வேலைக்கு நாலு வார்த்தை. 'வா, ரா, பா' நிலைமை இன்னும் மோசம். போதாக்குறைக்கு, போன்ல யார்கிட்டயாவது "என்னப்பா, சொல்லுப்பா"ன்னு பேசினாலும் அதுல ஒரு 'பா' இருக்கு.

நாய்க்கு மொழி வித்தியாசம் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. ஹங்கேரியில புடாபெஸ்ட் நகரத்துல இருக்குற ஒரு பல்கலைக்கழகத்துல 18 நாய்களை ஸ்கேன் மெஷின்ல அசையாம படுக்க வச்சு, ஸ்பானிஷ், ஹங்கேரியன் ரெண்டு மொழியிலயும் கதை வாசிச்சுக் காட்டினாங்க. பழகின மொழிக்கும் பழகாத மொழிக்கும் மூளை வேற வேற மாதிரி வேலை செஞ்சது தெரிஞ்சது. 2022-ல வெளியான இந்த ஆய்வை நடத்திய லாரா குவாயா, மெக்சிகோவிலிருந்து தன் நாயோட புடாபெஸ்ட்டுக்குக் குடிபோனவர். ஊர் மாறினது நாய்க்குத் தெரியுமான்னு வந்த சந்தேகம்தான் ஆய்வுக்கே காரணம்.

ஆக, மொழி பிரச்னை இல்லை. ஒரே செயலுக்கு ஆளுக்கு ஒரு சத்தம் கொடுத்துட்டு, அது எல்லாத்துக்கும் ஒரே மாதிரி நடக்கணும்னு எதிர்பார்க்குறதுதான் பிரச்னை. ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து முடிவு பண்ணினோம். உட்கார 'சிட்', காத்திருக்க 'இரு', கூப்பிட 'லட்டு கம்'. சரியா செஞ்ச அந்த நொடியில சொல்ல 'எஸ்'. பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினோம். "என் வீட்டு நாய்கிட்ட நான் ஏன் இங்கிலீஷ்ல பேசணும்?"னு மாமியார் ரெண்டு நாள் முறைச்சாங்க. நியாயமான கேள்விதான். தமிழோ தெலுங்கோ, எதை வேணா வச்சுக்கலாம். வீட்டுல எல்லாரும் அதையே சொல்லணும், அவ்வளவுதான்.

பாதிப் பட்டாணி அளவு போதும்

ட்ரீட்டுன்னா கடையில விக்கிற பாக்கெட்தான்னு இல்லை. உப்பு, மசாலா போடாம வேகவச்ச சிக்கன், அவிச்ச முட்டை, உப்பில்லாத பனீர், கேரட் எல்லாமே ட்ரீட்தான். சின்ன நாய்க்குப் பாதிப் பட்டாணி அளவுக்கு மேல வேண்டாம். ஒரு நாள் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்குள்ள ட்ரீட் அடங்கணும்; கொடுத்த அளவை ராத்திரி சாப்பாட்டுல குறைச்சுக்கணும். நாங்க முதல் வாரம் இதை மறந்து, லட்டு நிஜமாவே லட்டு மாதிரி ஆயிட்டா.

மாம்பழ சீசன்ல, அதுவும் கிருஷ்ணகிரி மாவட்டத்துல, நாய்க்கு மட்டும் இல்லைன்னு சொல்ல மனசு வராது. தோலும் கொட்டையும் இல்லாம ஒரு சின்னத் துண்டு தரலாம். ஆனா திராட்சை, உலர் திராட்சை கூடவே கூடாது, கிட்னியையே பாதிக்கும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, வேகவச்ச எலும்பு, சைலிட்டால் சேர்த்த சுகர்ஃப்ரீ மிட்டாய் எல்லாம் அதே கணக்குதான். குருமாவுல இருந்து எடுத்த சிக்கன் பீஸைக் கழுவிக் கொடுக்குற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. வெங்காயம் அதுல ஏற்கெனவே இறங்கியிருக்கும்.

உட்காரக் கத்துக்கிட்ட கதை

சின்ன நாய்க்கு நாம நின்னுகிட்டுச் சொல்லிக் கொடுத்தா, மேல ஒரு மலை குனியுற மாதிரி இருக்கும். அதனால தரையில உட்காருங்க. ட்ரீட்டை விரல் இடுக்குல பிடிச்சு, மூக்குக்கிட்ட கொண்டுபோய், தலைக்கு மேல மெதுவா பின்பக்கமா நகர்த்துங்க. தலை மேல போகப் போக, பின்பகுதி தானா கீழே இறங்கும். தரையைத் தொட்ட அந்த நொடியில 'எஸ்' சொல்லி, ட்ரீட் கொடுங்க. தாவிக் குதிச்சா உங்க கை ரொம்ப உயரத்துல இருக்குன்னு அர்த்தம். முதுகை அமுக்கி உட்கார வைக்காதீங்க.

'எஸ்' எதுக்குன்னு கேட்கலாம். நாய் உட்கார்ந்து, எழுந்து, வாலாட்டின பிறகு ட்ரீட் கைக்கு வந்தா, வாலாட்டினதுக்குத்தான் கிடைச்சதுன்னு அது நினைச்சுக்கும். டால்பின் பழக்குறவங்களுக்கும் இதே சிக்கல். அது அந்தரத்துல இருக்கும்போது வாயில மீனை வைக்க முடியாதே! அதனால சரியான நொடியில விசில் ஊதிட்டு, மீனைப் பிறகு கொடுத்தாங்க. ஹவாய்ல டால்பின்களைப் பழக்கிய கேரன் ப்ரையர், 1984-ல எழுதின புத்தகத்தின் மூலமா இந்த முறையை நாய் வளர்க்குறவங்ககிட்ட பெரிய அளவுல கொண்டுபோய்ச் சேர்த்தார். நாய்க்கு விசில்கூட வேண்டாம், ஒரு சின்னச் சொல் போதும்.

அஞ்சாறு தடவை வந்த பிறகு, ட்ரீட் இல்லாத கையால அதே மாதிரி காட்டணும். உட்கார்ந்ததும் இன்னொரு கையிலிருந்து கொடுக்கணும். இதைத் தவறவிட்டா, கையில சிக்கன் இருந்தா மட்டும் கேட்கிற நாய் ஆயிடும். 'சிட்'ங்கிற சொல்லை இதுக்கும் பிறகுதான் சேர்க்கணும். கை அசையுறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை. "சிட், சிட், சிட்டு, ஏய் சிட்டு"ன்னு சொன்னா, நாலாவதுக்கு உட்கார்ந்தா போதும்னு அது கத்துக்கும்.

ஒரு தடவைக்கு மூணு நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு தடவை. அவ அலுத்துப்போறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். ஷிஃப்ட் வீட்டுக்கு இது ரொம்ப வசதி. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவர் டீ ஆறுறதுக்குள்ள ஒரு தடவை, நான் குக்கர் வச்சுட்டு ஒரு தடவை. பிள்ளைங்க மூடின கையைத் தரைகிட்ட நீட்டி, அவ காலால தட்டினதும் திறந்து காட்டியே ஷேக்ஹேண்ட் பழக்கிட்டாங்க. பின்னங்கால்ல நின்னு டான்ஸ் ஆட வைக்கவும் ஆசைப்பட்டாங்க. அதுக்கு மட்டும் தடை. சின்ன இன நாய்களுக்கு முழங்கால் சில்லு விலகுற தொந்தரவு அதிகம். கழுத்துப் பட்டைக்குப் பதிலா, நெஞ்சோட சேர்த்து மாட்டுற ஹார்னஸும் வாங்கினோம். மூச்சுக்குழாய் மென்மையான நாய்களுக்குப் பட்டை இழுபடுறது நல்லதில்லை.

கேட்டுதான் பரீட்சை

'இரு' பழக முதல்ல ஒரே ஒரு நொடி. அப்புறம் மூணு, அப்புறம் அஞ்சு. அதுக்கப்புறம்தான் ஓரடி தள்ளி நிக்கிறது. நேரத்தையும் தூரத்தையும் ஒரே நாள்ல கூட்டினா குழம்பிடும். மூடின கேட் முன்னால பத்து நாள் இதைச் செஞ்சோம். பிறகு, ஹார்னஸைப் பிடிச்சுக்கிட்டு கேட்டைக் கொஞ்சமா திறந்தோம். அவ எழுந்தா கேட் மூடிடும். உட்கார்ந்தே இருந்தா 'எஸ்', சிக்கன்.

'கம்' வீட்டுக்குள்ள ஆரம்பிச்சது. ஹால்ல நான், சமையலறையில மாமியார், மாறி மாறிக் கூப்பிட்டு ட்ரீட். அப்புறம் காம்பவுண்டுக்குள்ள, அப்புறம் காலி மனையில நீளக் கயிறு கட்டி. ஒரே ஒரு சட்டம் வச்சுக்கிட்டோம். 'கம்'னு கூப்பிட்டு வந்த பிறகு திட்டக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, நகம் வெட்டக் கூடாது. அதுக்கெல்லாம் நாமளே போய்த் தூக்கிக்கணும். ஓடிப்போய் அரை மணி நேரம் கழிச்சு வந்தாலும் சிரிச்ச முகமாத்தான் வரவேற்கணும். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

நல்லா பழகின நாய் திடீர்னு 'சிட்'டுக்கு உட்காரலைன்னா, அடம்னு முடிவு பண்ணிடாதீங்க. இடுப்புலயோ கால்லயோ வலி இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க.

எங்களுக்கு மூணு மாசம் ஆச்சு. இப்ப காலையில கேட் திறந்தா லட்டு வாசப்படியில உட்கார்ந்து பஸ்ஸை வேடிக்கை பார்க்குறா. ஹார்னஸ் மாட்டாம கேட்டைத் திறக்குறதில்லைங்கிறது இன்னும் எங்க வீட்டு ரூல்தான். ஓனர் பேத்தி தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் 'சிட்' சொல்லி ஒரு கேரட் துண்டு கொடுத்துட்டுப் போறா. வீடு காலி பண்ற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கலை. கேஸ் சிலிண்டர் வண்டியைப் பார்த்துக் குரைக்கிறதை மட்டும் இன்னும் நிறுத்த முடியலை. மாமியார் யாரும் பார்க்காதப்போ "கூர்ச்சோ"ன்னு சொல்லி பனீர் கொடுக்குறாங்க. அதுக்கும் உட்கார ஆரம்பிச்சிட்டா.