கோயலோ வழக்கும் கூடலூர் மண்ணும்

சட்டக் கல்லூரியில் பயின்றபோது, 'ஐ.ஆர். கோயலோ எதிர் தமிழ்நாடு அரசு' வழக்கைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 2007 ஜனவரி 11, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என அனைத்தும் நினைவில் நின்றன. அது நீலகிரி மாவட்டம் கூடலூரின் நிலம் குறித்த வழக்கு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

கூடலூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 80,000 ஏக்கர் நிலம் ஜன்ம உரிமையில் இருந்தது. அதில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்துக்கு உரியது. அதைக் குத்தகைக்குப் பெற்ற நிறுவனங்கள் தேயிலை, காபித் தோட்டங்களை அமைத்தன. தலைமுறைகளாக அம்மண்ணில் வாழ்ந்த பணியர்களுக்கும் காட்டுநாயக்கர்களுக்கும் அந்த ஆவணங்களில் இடமில்லை.

ஜன்ம முறையை ஒழித்து, ரயத்துவாரி முறைக்கு மாற்றத் தமிழக அரசு 1969-இல் சட்டம் இயற்றியது. தோட்ட நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 1972-இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், காடுகளை அரசு எடுத்துக்கொள்வது வேளாண் சீர்திருத்தம் ஆகாது எனக் கூறி அப்பகுதியை ரத்து செய்தது. 1974-இல் 34-ஆவது திருத்தத்தின் மூலம் அச்சட்டம் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அடிப்படை உரிமைகளைக் காட்டி எதிர்க்க இயலாதவாறு சட்டங்களைக் காப்பதே அந்த அட்டவணை.

அந்தப் பாதுகாப்பும் எதிர்க்கப்பட்டது. 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அட்டவணையில் சேர்ந்த சட்டங்களும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டவை என்று கோயலோ வழக்கில் தீர்ப்பானது. இறுதியில் 2010-இல், கிளென்ராக் எஸ்டேட் வழக்கில், காடுகள் அரசுக்கு உரியவையானது செல்லும் என்றது உச்சநீதிமன்றம். சட்டம் இயற்றி அதற்குள் 41 ஆண்டுகள் கடந்துவிட்டன!

நீதிமன்றத்தை நாடுவது எவருக்கும் உள்ள உரிமை. அதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால், 41 ஆண்டுகள் காத்திருக்கும் வலிமை எல்லோருக்கும் ஒன்றல்ல. வழக்கு நடக்கும் காலம் முழுவதும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப்படும். நிறுவனத்தின் வருவாய் நிற்காது. பட்டாவை எதிர்நோக்கும் குடியானவரோ அதற்குள் முதுமை அடைந்துவிடுகிறார்.

சட்டக் கல்வியும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்து தப்பவில்லை. வழக்காடும் வசதி உள்ளோர் எழுப்பும் கேள்விகளுக்கே தீர்ப்புகள் பிறக்கின்றன, அத்தீர்ப்புகளே பாடமாகின்றன. நீதிமன்றத்துக்கு வர இயலாதவரின் கேள்வி பாடத்திட்டத்துக்கும் வருவதில்லை.

கோயலோ வழக்கைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர்களை ஒருமுறையேனும் கூடலூருக்கு அழைத்துச் செல்லட்டும். தீர்ப்பில் பெயர் இடம்பெறாத மனிதர்களையும் சந்திப்பதே முழுமையான சட்டக் கல்வி.