குழந்தைகள் அறைக்கு ஒரு ஸ்ட்ரீமிங் சாதனம்

ஸ்ட்ரீமிங் சாதனம் என்பது திரை இல்லாத ஒரு சிறு கணினி. இணையத்தில் இருந்தோ வீட்டில் சேமித்து வைத்த இடத்தில் இருந்தோ படங்களையும் பாடல்களையும் வாங்கி டிவிக்கு அனுப்புவது அதன் வேலை. பிராசஸர், நினைவகம், வைஃபை மூன்றும் அதற்குள்ளேயே இருப்பதால் டிவி ‘ஸ்மார்ட்’ ஆக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஹாலுக்குப் புது டிவி வந்ததும் பழைய டிவி குழந்தைகள் விளையாடும் அறைக்குப் போவது பல வீடுகளில் வழக்கம். அந்த டிவியில் யூடியூபும் ஓடிடி செயலிகளும் ஓட வேண்டும் என்றால், இன்னொரு ஸ்மார்ட் டிவி வாங்குவதைவிட இந்தச் சாதனம் பல மடங்கு மலிவு.

ஹால் டிவிக்கு வாங்கும்போது படத்தின் தெளிவும் ஒலியின் தரமும் முன்னே நிற்கும். குழந்தைகள் அறைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எதையெல்லாம் பூட்டி வைக்க முடியும், பார்க்கும் நேரத்துக்கு வரம்பு வைக்க முடியுமா, தமிழ் நிகழ்ச்சிகள் உள்ள செயலிகள் கிடைக்குமா, மாதம் எவ்வளவு செலவாகும் என்பவைதாம் இங்கே முதல் கேள்விகள்.

முதலில் டிவியின் பின்பக்கம்

இன்று விற்கும் ஸ்டிக், பாக்ஸ் எல்லாம் எச்டிஎம்ஐ போர்ட்டில்தான் செருகப்படுகின்றன. இந்த இணைப்பு முறை 2002ஆம் ஆண்டு இறுதியில் வந்தது. எல்சிடி, எல்இடி டிவிகளில் பெரும்பாலும் ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டாவது இருக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற ஏவி போர்ட்டுகள் மட்டுமே உள்ள பழைய படக்குழாய் டிவி என்றால், எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் கன்வெர்ட்டர் தேவைப்படும். சில நூறு ரூபாய்க்கு அது கிடைத்தாலும், திரையில் சிறிய எழுத்துகள் மங்கலாகவே தெரியும். படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதைத் தடுக்கும் எச்டிசிபி ஏற்பாட்டினால், கட்டணச் சேவைகள் சில இந்த வழியில் படம் காட்டாமலும் போகலாம்.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். ஸ்டிக்குகளுக்குப் பொதுவாக 5 வோல்ட், 1 ஆம்பியர் தேவை. யுஎஸ்பி 2.0 தரப்படி டிவியின் யுஎஸ்பி போர்ட் தருவது 0.5 ஆம்பியர்தான். அதில் செருகினால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதனம் அணைந்து அணைந்து எரியும். கூடவே வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுவதே சரி.

எந்த வகை?

ஸ்டிக் வகை நேரடியாக டிவியின் பின்னால் செருகப்பட்டு மறைந்துவிடும்; குழந்தைகளின் கைக்கு எட்டாது. அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக் இந்தியாவில் 2017 ஏப்ரலில் ரூ. 3,999 விலையில் அறிமுகமானது. 2020இல் வந்த ஷாவ்மியின் மி டிவி ஸ்டிக் ரூ. 2,799க்கு விற்கத் தொடங்கியது. அன்று முதல் இந்த வகையின் விலை பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே நிற்கிறது. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் இன்னும் குறையும்.

பாக்ஸ் வகை சற்றுப் பெரியது. பென் டிரைவ் செருக யுஎஸ்பி போர்ட் இருப்பது அதன் முக்கியமான வசதி. 2020இல் ரூ. 3,499க்கு வந்த மி பாக்ஸ் 4கே இதற்கு எடுத்துக்காட்டு. பிராட்பேண்ட் நிறுவனங்கள் இணைப்போடு தரும் செட் டாப் பாக்ஸும் இந்த வகைதான். ஹாலில் ஏற்கெனவே ஸ்மார்ட் டிவி இருக்கும் வீட்டில் அந்தப் பாக்ஸ் சும்மா கிடக்கலாம். புதிதாக வாங்கும் முன் அதைக் குழந்தைகள் அறையில் மாட்டிப் பார்ப்பது நல்லது.

கூகுள் 2013இல் கொண்டுவந்த குரோம்காஸ்ட் வேறு வகை. தொடக்கத்தில் அதற்கு ரிமோட்டே கிடையாது. பெரியவர்களின் செல்போனில் தேர்ந்தெடுத்த படத்தை டிவிக்கு அனுப்ப வேண்டும். எதைப் பார்ப்பது என்ற முடிவு பெற்றோர் கையில் இருந்ததால் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இது பொருந்தியது. 2024இல் குரோம்காஸ்ட் தயாரிப்பை கூகுள் நிறுத்திவிட்டது. ஆனாலும் ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி சாதனங்களில் ‘காஸ்ட்’ வசதி தொடர்கிறது.

4கே தேவையா?

எச்டி படத்தில் 1280 x 720 புள்ளிகள், முழு எச்டியில் 1920 x 1080, 4கேயில் 3840 x 2160. பழைய 32 அங்குல டிவிகள் பலவற்றின் திரையில் 1366 x 768 புள்ளிகள்தாம் உண்டு. அத்தகைய திரையில் 4கே சாதனத்தை மாட்டினால் படம் கூடுதல் தெளிவாகிவிடாது. ஆகவே முழு எச்டி சாதனமே குழந்தைகள் அறைக்குப் போதும்.

படப் புள்ளிகளைவிட ரேம் அளவு முக்கியம். விலை குறைந்த ஸ்டிக்குகளில் 1 ஜிபி ரேமும் 8 ஜிபி சேமிப்பிடமும் இருக்கும். அந்த 8 ஜிபியில் ஒரு பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். மூன்று நான்கு செயலிகளோடு நிறுத்திக்கொண்டால் தடையின்றி ஓடும். பத்துப் பதினைந்து ஏற்றினால் ஒவ்வொன்றும் திறக்க நேரமெடுக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் 2 ஜிபி ரேம் உள்ளதை வாங்கலாம். 4கே சாதனங்கள் சிலவற்றில் அந்த அளவு ரேம் இருப்பதுதான் அவற்றை வாங்க நியாயமான காரணம்.

இணையமும் சுவர்களும்

நெட்பிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி எச்டி படத்துக்கு 3 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் வேகம் வேண்டும். இன்றைய பிராட்பேண்ட் திட்டங்களில் இந்த வேகம் சாதாரணம். தடங்கல் வருவது பெரும்பாலும் ரூட்டருக்கும் அறைக்கும் நடுவே. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் செங்கல், கான்கிரீட் சுவர்களைத் தாண்டும்போது வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்தது என்றாலும் சுவர்களைத் தாண்டி எட்டும். இரண்டு அலைவரிசையும் உள்ள சாதனமாக வாங்கி, அந்த அறையில் எது நிலையாகக் கிடைக்கிறதோ அதில் இணைக்க வேண்டும். பெட்டியில் சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஸ்டிக் டிவியை ஒட்டாமல் சற்று விலகி நிற்பதால் சிக்னலும் மேம்படும், சூடும் குறையும்.

செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி வாங்குவோர் டேட்டா கணக்கைப் பார்ப்பது அவசியம். நெட்பிளிக்ஸில் எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை எடுக்கும். நாளுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் அதில் பாதி நேரத்துக்குத்தான் வரும். செயலியின் அமைப்பில் தரத்தை நடுத்தரமாகக் குறைத்தால் மணிக்கு 0.7 ஜிபி அளவில் நிற்கும்.

பூட்டுகள்

பூட்டு மூன்று இடங்களில் போட வேண்டியிருக்கிறது: சாதனத்தில், ஒவ்வொரு செயலியிலும், பணம் செலுத்தும் கணக்கில்.

கூகுள் டிவியில் 2021 முதல் குழந்தைகளுக்கான தனி புரொஃபைல் உண்டு. எந்தச் செயலிகள் தெரிய வேண்டும், நாளுக்கு எவ்வளவு நேரம், எந்த நேரத்தில் டிவி ஓய்வுக்குப் போக வேண்டும் என்பதைப் பெற்றோர் அதில் குறித்துவிடலாம். ஃபயர் டிவியில் செயலிகளைத் திறப்பதற்கும் பணம் கட்டி வாங்குவதற்கும் பின் எண் வைக்கலாம். நேர வரம்பு தேவைப்படும் வீட்டில், அந்த வசதி சாதனத்திலேயே இருக்கிறதா என்று வாங்கும் முன் கேட்பது நல்லது.

செயலிகளில் பலர் செய்யும் தவறு, குழந்தைக்குத் தனி புரொஃபைல் திறந்துவிட்டுப் பெரியவர்களின் புரொஃபைலைப் பூட்டாமல் விடுவது. முகப்புத் திரையில் பக்கத்துப் படத்தை அழுத்தினாலே குழந்தை அதற்குள் போய்விடும். நெட்பிளிக்ஸில் பெரியவர்களின் புரொஃபைலுக்கு நான்கு இலக்கப் பின் எண் போடலாம். அடுத்த பகுதி தானாக ஓடுவதையும் நிறுத்தலாம். இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், ஓடிடி நிகழ்ச்சிகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என ஐந்தாகப் பிரிக்கச் சொல்கின்றன. யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டியது நிறுவனங்களின் கடமை.

யூடியூப் கிட்ஸ் செயலியில் 4 வயதுக்குள், 5 முதல் 8, 9 முதல் 12 என்று நிலைகள் உண்டு. பெற்றோர் ஒப்புதல் தந்தவை மட்டும் தெரியும்படி அமைத்தால் தேடல் வசதியே மறைந்துவிடும். சன் குழுமத்தின் சுட்டி டிவி, பள்ளிக் கல்வித் துறையின் கல்வித் தொலைக்காட்சி போன்ற தமிழ்ச் சேனல்களை எந்தச் செயலியில் பார்க்கலாம், அந்தச் செயலி வாங்கப்போகும் சாதனத்தில் ஓடுமா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் தெளிவானது: இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். குறைந்தால் இன்னும் நல்லது.

பெயர் தெரியாத பாக்ஸ்கள்

‘எல்லாச் சேனலும் இலவசம்’ என்று விற்கப்படும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் விலையில் ஈர்க்கும். அவற்றில் சிக்கல்கள் இரண்டு. ஒன்று, கூகுளின் வைட்வைன் பாதுகாப்பில் எல்1 சான்று இல்லாதவற்றில் கட்டணச் சேவைகளின் படம் எச்டி தரத்தில் வராது. மற்றொன்று பாதுகாப்பு. விற்பனைக்கு வரும் முன்பே தீய மென்பொருள் ஏற்றப்பட்ட பாக்ஸ்கள் வீட்டு இணைப்பைக் குற்றச் செயல்களுக்குப் பயன்படுத்துவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. அந்த மென்பொருளின் பெயர் பேட்பாக்ஸ் 2.0. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண், உத்தரவாத அட்டை, பில் மூன்றும் இல்லாத பாக்ஸைக் குழந்தைகள் அறையில் மட்டுமல்ல, வீட்டிலேயே வைக்காமல் இருப்பது பாதுகாப்பு.

வீட்டிலேயே சேமித்தவை

ஒரே பாடலை நூறு முறை கேட்கும் வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் இணையத்தில் இருந்து எடுக்கத் தேவையில்லை. குடும்ப வீடியோக்கள், முறையாக வாங்கிய பாடல்கள், கதைகள் ஆகியவற்றைப் பென் டிரைவிலோ கணினியிலோ வைத்து ஓட்டலாம். பழைய டிவிகள் எச்.265 முறையில் பதிவான வீடியோக்களைத் திறக்காது. ஸ்ட்ரீமிங் சாதனத்தில் விஎல்சி செயலி இருந்தால் பெரும்பாலானவை ஓடும். வீட்டுக் கணினியில் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருளை நிறுவினால் வைஃபை வழியாகவே அந்தக் கோப்புகள் டிவிக்கு வரும். விளம்பரம், ‘அடுத்து இதைப் பாருங்கள்’ என்ற பரிந்துரை எதுவும் இருக்காது, டேட்டாவும் செலவாகாது.

முழுச் செலவும் அறைப் பாதுகாப்பும்

சாதனத்தின் விலை ஒரு முறைச் செலவு. சந்தா தொடரும் செலவு. மாதம் ரூ. 200 சந்தா என்றாலே ஆண்டுக்கு ரூ. 2,400 ஆகிவிடும். சாதனத்தோடு இலவசமாகத் தரப்படும் சந்தா எத்தனை மாதம், முடிந்ததும் பணம் தானாக எடுக்கப்படுமா என்பதைப் பார்க்க வேண்டும். பெற்றோரின் கணக்கையே பயன்படுத்தினால் ஒரே நேரத்தில் எத்தனை திரைகளில் பார்க்கலாம் என்ற வரம்பும் உண்டு.

ரிமோட்டில் ஏஏஏ பேட்டரி போடும் வகை, நாணயம் போன்ற வட்ட பேட்டரி உள்ள வகையைவிடக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது. வட்ட பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த ரிமோட் ஆனாலும் பேட்டரி மூடி திருகாணியால் மூடப்பட்டிருப்பது நல்லது. மேசை மேல் நிற்கும் டிவியைக் குழந்தை பிடித்து இழுத்தால் அது சாய்ந்து விழும் அபாயம் உண்டு. ஆகவே டிவியைச் சுவரில் மாட்டுவது, அல்லது பட்டையால் சுவரோடு கட்டுவது, ஸ்டிக்கின் வயரைக் கைக்கு எட்டாத உயரத்தில் கொண்டுபோவது ஆகியவையும் இந்தச் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.